ஒன்றரையிலிருந்து நாலு வரை

வியாசர்பாடி
9 ஜூன் 2024

அன்புள்ள மாயாவுக்கு,

ஜெய்பீம். உன் அண்ணன் பீம்ராவ் எழுதுகிறேன். ஐந்து வருஷம் பேசாமல் இருந்தவன் திடீரென்று ஸ்பீட் போஸ்டில் வந்து நிற்கிறானே என்று நினைப்பாய். போன் செய்தால் நாலாவது வாக்கியத்தில் சண்டை வரும். வாட்ஸப்பில் போட்டால் எங்கே போய்ச் சேரும் என்று பயம். போன மாதம் உன் அண்ணிக்கு அனுப்பவேண்டிய மளிகை லிஸ்ட் யார்டு குரூப்புக்குப் போய், சூப்பர்வைசர் துவரம்பருப்பு எத்தனை கிலோ என்று கேட்டார். அதனால் பேப்பர்.

உன் தூக்கக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் நேற்றோடு அறுநூற்றுப் பதினொன்று பேர். கூகுளில் உன் பேரைப் போட்டால் வருகிற அந்தப் பக்கத்தை நான் தினமும் டிபன் நேரத்தில் பார்க்கிறேன். சண்டை வேறு, ஸ்கோர் வேறு.

விஷயத்துக்கு வருகிறேன். எண்ணூர் ரோட்டில் எங்கள் நிலக்கரி யார்டு கேட்டில் ஏப்ரலில் முகம் பார்க்கிற மெஷின் வைத்தார்கள். மே மாதத்திலிருந்து வாரம் நாலு நாள் டபுள் ஷிப்ட் கட்டாயம் ஆகிவிட்டது. காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை ஒரே ஆள். முடியாது என்று பத்துப் பேர் சேர்ந்து போய்ச் சொன்னோம். கான்ட்ராக்டர் நோட்டீஸ் போர்டைக் காட்டினார். தமிழில் டைப் அடித்து ஒட்டியிருக்கிறது: “நமது யார்டிலேயே நடந்த மூளை ஆராய்ச்சியின்படி, பழகிய தொழிலாளிக்கு இரவு ஒன்றரை முதல் நாலு வரை, இரண்டரை மணி நேரத் தூக்கம் போதுமானது. உலகமெங்கும் அறுநூறு விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டது.” கீழே உன் பேர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேலப்பன், உனக்குத் தெரியும், என்னோடு நிலக்கரி ஓடுகிற பெல்ட்டில் நிற்கிறவன், அவன்தான் வாயைத் திறந்தான். “இன்னா மாமு, உன் தங்கச்சி நம்ம தூக்கத்தயே எட்துகினு பூட்ச்சா?”

அப்படிச் சொல்லவில்லை என்று நீ நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதை அதே போர்டில் ஒட்டுகிறேன்.

அண்ணன்,
பீம்ராவ்


பெங்களூரு
17 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய்பீம். கடிதம் கிடைத்தது. அந்த நோட்டீஸ் எனக்கும் கோபத்தைத்தான் தந்தது. ஆனால் நான் எழுதியது அதுவல்ல. 2018-ல் உங்கள் யார்டில் நாற்பத்தாறு பேருக்கு, தூக்கத்தை அளக்கும் வாட்சை இருபத்தொரு நாள் கட்டினோம். அதில் ஐந்து பேர் மட்டும் ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரமே தூங்கினார்கள். அப்படியிருந்தும் மதியம் இரண்டு மணிக்கு வைத்த சோதனையில், டேப்லட்டில் பச்சை விளக்கு வந்ததும் தட்டும் சோதனை, அவர்கள் மற்றவர்களைவிட வேகமாகத் தட்டினார்கள். மூளை இதை எப்படித் தாங்குகிறது என்பதுதான் என் கேள்வி. ‘தாங்குகிறது’ என்று எழுதினேன். ‘போதும்’ என்று எழுதவில்லை.

அளவில் தவறு இல்லை. ஐந்து பேரும் டபுள் பார்த்தார்களா என்று கேட் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பொருந்தியது.

அறுநூறு பேர் ‘ஏற்றுக்கொண்டார்கள்’ என்பதும் தவறு. மேற்கோள் என்பது ஒப்புதல் இல்லை. ஒருவர் எழுதியதைக் காட்டி இன்னொருவர் தன் பேச்சைப் பேசுவது, அவ்வளவுதான். திட்டுவதற்கும் காட்டலாம்.

ஆனாலும் அந்த எண்ணால்தான் என் பிழைப்பு நடக்கிறது. அக்டோபர் 22 அன்று பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். என் கட்டுரைகள் எல்லாம் சேர்த்து மேற்கோள் ஆயிரத்து நாற்பது. அதில் அறுநூற்றுப் பதினொன்று இந்த ஒரே கட்டுரைக்கு. இந்த நேரத்தில் நானே மறுப்புக் கடிதம் எழுதினால் குழுவில் கேள்வி வரும். அக்டோபர் வரை பொறுத்துக்கொள்.

நன்றிப் பகுதியில் உன் பேரைப் போடாமல் ‘உள்ளூர் உதவியாளர்கள்’ என்று போட்டதில் உனக்கு இன்னும் கோபம் இருக்கும். அன்றைக்கு அது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

மாயா


வியாசர்பாடி
30 ஜூன் 2024

மாயா,

உன் கட்டுரையை இன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். ஐந்து வருஷமாக எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடை பக்ருதீன் பாய் கம்ப்யூட்டரில் போட்டுத் தமிழாக்கிக் கொடுத்தார். பாதி புரிந்தது. ஒரு பகுதி மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. அந்த ஐந்து பேரும் தினமும் ஒரே நேரத்தில், ஒன்றரைக்குத் தூங்கி நாலுக்கு எழுகிறார்கள், இது சேர்ந்து உழைப்பவர்களின் மூளைகளுக்குள் உண்டான ஒத்திசைவு என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய்.

ஒன்றரையிலிருந்து நாலு வரை என்பது கேட்டுக்கு எதிரே லியாகத் அலி டீக்கடை ஷட்டர் இறங்கியிருக்கும் நேரம். யார்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உனக்கு அன்றைக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். 2018-ல் மெடிக்கலில் கண், பிரஷர் என்று ஃபெயில் ஆனவர்களுக்குக் கேட் பாஸ் கிடைக்காது. அதனால் ஒரு பாஸில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். காலை ஷிப்ட் பாஸ்காரன், மதியம் இரண்டு மணியிலிருந்து பத்து வரை இன்னொருவன். பதிவேட்டில் ஒரே பேர், டபுள் என்று விழும். கான்ட்ராக்டருக்கும் தெரியும், முகம் பார்க்கிற மெஷின் வரும்வரை அவருக்கு அது வசதி. பாஸை வீட்டுக்கு எடுத்துப் போனால் காலையில் கைமாற்ற முடியாது. அதனால் இரவு பத்து மணிக்கு லியாகத் அலியிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், காலை ஐந்தரைக்கு டீ குடிக்க வருகிறவன் வாங்கிக்கொள்வான்.

நீ வாட்ச் கொடுத்தபோது ஒவ்வொரு வாட்சிலும் பாஸ் நம்பரை ஒட்டியிருந்தாய். நம்பர் மாறவே கூடாது, மாறினால் எல்லாம் பாழ் என்று நூறு தடவை சொன்னாய். அதனால் நான்தான் ஆட்களிடம் சொன்னேன், பாஸ் எங்கே போகிறதோ வாட்சும் அங்கே போகவேண்டும் என்று. சரியாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அப்படிப் பாஸ் மாற்றியவர்கள் ஐந்து ஜோடி.

பாஸும் வாட்சும் காணாமல் போகக்கூடாது என்று லியாகத் அலி ஐந்தையும் தன் பச்சை பெல்ட் பைக்குள் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டுதான் டீ ஆற்றுவார். ஒன்றரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு அதோடேயே படுப்பார். நாலு மணிக்குப் பால் வண்டி வந்து தட்டினால் எழுவார். மதியம் அவர் மனைவி கடையைப் பார்த்துக்கொள்ள, வீட்டில் ஐந்து மணி நேரம் தூங்குகிறார். அப்போது வாட்ச் அவரிடம் இல்லை.

பச்சை விளக்குச் சோதனைக்கு வந்தவன், வீட்டில் தூங்கிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வேலைக்கு வந்த இரண்டாவது ஆள். வேகமாகத் தட்டாமல் என்ன செய்வான்?

உன்னுடைய ஐந்து பேரும் ஒரே ஆள்தான், மாயா. அவரும் நிலக்கரி வேலை செய்கிறவர் இல்லை.

பீம்ராவ்


பெங்களூரு
8 ஜூலை 2024

அண்ணா,

ஐந்து வரைபடங்களையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன். இரவு பத்து முதல் ஐந்தரை வரை ஐந்தும் ஒரே கோடு. ஒருவர் அசையும் அதே நிமிடம் மற்ற நாலு பேரும் அசைகிறார்கள். இத்தனை வருஷமும் நான் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேலே வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஒத்திசைவு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கண் மூடிவிட்டது.

உன்மேல் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். உங்கள் வேலையைப் பற்றி நான் இருபத்தொரு நாளில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். வாட்ச் எத்தனை, சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டேன்.

இதைத் திரும்பப் பெறவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பயமாக இருக்கிறது. நம் தெருவிலிருந்து இங்கே வந்து சேர்ந்த ஒருத்தி தப்பாக எழுதினாள் என்றால், மற்றவர்கள் தப்பாக எழுதினதுபோல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்று தொடங்குவார்கள். அக்டோபர் 22 முடியட்டும். அடுத்த நாளே எழுதுகிறேன்.

மாயா


வியாசர்பாடி
20 ஜூலை 2024

மாயா,

உன் கடைசிப் பத்தியை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பயம் எனக்கும் தெரியும். நான் உன்னை இப்போது விரட்டவில்லை, ஏனென்றால் இங்கேயும் அதே கதை. பாஸ் மாற்றியது வெளியே தெரிந்தால் அந்த ஐந்து பேரின் பாஸும் போகும். அதில் வேலப்பனும் ஒருத்தன். “அக்டோபர் வரிக்கும் ஓட்டிர்லாம் மாமு, உன் தங்கச்சி பொயப்பும் பாக்கணும்ல” என்கிறான். அவன் இந்த வாரம் ஐந்து டபுள் பார்த்திருக்கிறான். கண்ணெல்லாம் சிவந்துபோய் நிற்கிறான்.

லியாகத் அலியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன், உன் தூக்கத்தைப் பற்றி உலகத்தில் அறுநூறு பேர் எழுதியிருக்கிறார்கள் என்று. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். “இன்னாபா சொல்ற, அறுநூறு பேரா? எம் பொண்டாட்டியே ஒரு நாளு கேட்டதில்லியே, தூங்கினியான்னு.” அவர் பேரை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமாம்.

ஆக நீயும் பொறுத்திரு, நாங்களும் பொறுத்திருக்கிறோம்.

பீம்ராவ்


வியாசர்பாடி
14 செப்டம்பர் 2024

மாயா,

வேலப்பனுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வியாழக்கிழமை, பதினைந்தாவது மணி நேரம். நின்றபடியே தூங்கிவிட்டான். கை பெல்ட் உருளைக்குள் போனது. பெல்ட்டை நிறுத்துகிற கயிற்றை இழுத்தது நான்தான். இரண்டு நொடி முன்னால் இழுத்திருக்கலாம், எனக்கும் அது பதினைந்தாவது மணி நேரம்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். நேற்றுப் பார்க்கப் போனேன். அவன் மனைவி கேட்டாள், “அந்த போர்டுல எழ்திக்கீறது நெஜமாண்ணே?” என்று.

இல்லை என்று சொன்னேன். அது பொய் என்று ஜூனிலிருந்தே தெரியும் என்பதைச் சொல்லவில்லை.

பீம்ராவ்


பெங்களூரு
21 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. பதினெட்டாம் தேதி, கட்டுரை வந்த ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன், கட்டுரையை முழுதாகத் திரும்பப் பெறுகிறேன் என்று. நேர்காணல் குழுவுக்கும் அதன் நகலை அனுப்பினேன். எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஜூலையிலேயே அந்த அரை மணி நேரம் என்னிடம் இருந்தது. வேலப்பன் அண்ணனின் விரல்களுக்கு நான்தான் பொறுப்பு என்று நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

இதழில் கேட்கிறார்கள், கருவிகள் கைமாறின என்பதற்கு என்ன ஆதாரம் என்று. களத்தில் இருந்தவர் கையெழுத்திட்ட வாக்குமூலம் வேண்டும். அந்த ஐந்து பேரின் பேர் வேண்டாம், பாஸ் எண்ணும் வேண்டாம், யார்டின் பேரும் வேண்டாம். எண்களை நான் அழித்துவிட்டேன். ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் பேர் அறிவிப்பில் அச்சாகும். கான்ட்ராக்டர் பார்ப்பார். உன் பாஸ் போகலாம்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். போடாவிட்டாலும் நான் திரும்பப் பெறுவேன். இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். உன்னைக் கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

மாயா


வியாசர்பாடி
2 அக்டோபர் 2024

மாயா,

கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். ‘பாஸோடு வாட்சையும் கொடுக்கச் சொன்னது நான்’ என்று என் கையாலேயே தமிழில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதையும் அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல். மற்றவர்கள் யாரும் இதில் இல்லை.

2019-ல் என் பேர் அச்சில் வரவில்லை என்று நான் உன்னோடு போட்ட சண்டையை யோசித்துப் பார். அம்மா படத்துக்கு முன்னாலேயே கத்தினேன். இப்போது வரப்போகிறது, எந்த இடத்தில் வருகிறது பார். பக்ருதீன் பாய் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அழுகையும் வந்தது.

நேர்காணலுக்கு நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போ. நீலம் இருக்கிறதே, அது.

அண்ணன்


பெங்களூரு
11 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு ஆறாம் தேதி வந்தது. உன் பேர் முழுதாக இருக்கிறது. போர்டில் ஒட்ட நீ முதலில் கேட்டபடி அதைத் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், ஒரே பக்கம், பெரிய எழுத்தில்.

பதவி கிடைக்கவில்லை. குழுவில் ஒருவர் கேட்டார், இந்தக் கட்டுரையை எடுத்துவிட்டால் உங்களிடம் என்ன மிச்சம் என்று. நானூற்று முப்பது சொச்சம் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். இன்னொருவர், ஓர் அம்மா, வெளியே வரும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். நீலப் புடவைதான் கட்டியிருந்தேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். திரும்பப் பெற்ற பிறகும் மூன்று பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். பழைய பட்டியலிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டது. யாரும் படிப்பதில்லை அண்ணா. அறுநூற்றுச் சொச்சம் பேரில் எத்தனை பேர் அந்த இரண்டு பக்கத்தைப் படித்திருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.

உன் பாஸை ரத்து செய்துவிட்டார்கள் என்று அண்ணி போனில் சொன்னாள். நீ எழுதவில்லை. ஏன் எழுதவில்லை?

பிப்ரவரி கடைசியில் வருகிறேன். வேலப்பன் அண்ணனைப் பார்க்கவேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஆனாலும் வருகிறேன்.

மாயா


வியாசர்பாடி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மாயாவுக்கு,

ஜெய்பீம். பாஸ் போனதை எழுதாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை, எழுதினால் நீ அழுவாய் என்றுதான். வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் குடோனில் பண்டல் ஏற்றி இறக்குகிறேன். வேலை சுமார்தான். ஆனால் இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருக்கிறேன், மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருவதில்லை. அந்த ஐந்து பேரின் பாஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலப்பனை ஸ்டோரில் சாமான் கொடுக்கிற இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். நீ வந்தால் திட்டுவான். திட்டிவிட்டு மீன் வாங்கி வரச் சொல்வான்.

நீ அனுப்பிய தமிழ்ப் பக்கத்தை பக்ருதீன் பாய் பெரிதாக்கி லேமினேட் செய்து கொடுத்தார். யார்டு போர்டில் ஒட்ட விடவில்லை. லியாகத் அலி தன் கடை ஷட்டருக்குப் பக்கத்தில், பன் அலமாரிக்கு மேலே மாட்டிவிட்டார். இந்தத் தூக்கம் நம்முடையதுதான் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்தில் போய் அங்கே உட்கார்ந்தேன். நின்று முழுதாகப் படித்தவர்கள் நாற்பத்தொரு பேர். எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் ஏழு பேர். படிக்கத் தெரியாத இரண்டு பேருக்கு நான் படித்துக் காட்டினேன். மூன்று டீ குடித்தேன்.

கான்ட்ராக்டரின் நோட்டீஸை யாரும் கிழிக்கவில்லை. ஜனவரி கடைசியில் பார்த்தால் போர்டில் இல்லையாம். டபுள் மட்டும் நிற்கவில்லை. இப்போது கட்டாயம் என்று சொல்வதில்லை, வந்து நின்று கேட்கிறார்கள். கேட்டால் பழைய பயத்தில் எல்லாரும் சரி என்கிறார்கள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. கார்குழலி என்று ஒருத்தி, நிலக்கரித் தூள் பெருக்குகிறவள். மதியம் இரண்டு மணிக்கு சூப்பர்வைசர் அவளை நிறுத்தி டபுள் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவள் போனை எடுத்து, டீக்கடையில் பிடித்து வைத்திருந்த படத்தைக் காட்டினாளாம். “இதப் பாரு சார். தூங்காத ஆளுன்னு எவனும் இல்லியாம். எழ்தனவங்களே சொல்லிட்டாங்க. நான் வூட்டுக்குப் போறேன்.” போய்விட்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்தாள், மெஷின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தது.

ஒருவர் எழுதியதைக் காட்டி இன்னொருவர் தன் பேச்சைப் பேசுவதுதான் மேற்கோள் என்று நீ போன ஜூனில் எழுதியிருந்தாய். கடிதத்தை எடுத்துச் சரிபார்த்துக்கொண்டேன். இது அந்த கூகுள் பக்கத்தில் ஏறாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை நான் இப்போது பார்ப்பதில்லை. டிபன் நேரத்தில் ஒரு நோட்டை எடுத்து, மேலே உன் பேரையும் அதன் கீழே என் பேரையும் எழுதி, கார்குழலி, நாலாம் தேதி, மதியம் இரண்டு மணி என்று குறித்தேன். பக்கத்தில் எண் போட்டேன்.

ஒன்று.

அண்ணன்,
பீம்ராவ்